"அண்ணே, என் லேப்டாப்ல ஓடுதுண்ணே": சர்வர் புராஜெக்டுக்கு சிஐ அமைப்பது எப்படி

மதுரை பஸ் நேரங்களைச் சொல்லும் சின்ன சர்வர் ஒன்றை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எழுதி வருகிறோம். கட்டற்ற மென்பொருள்தான், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம். பைத்தானில் எழுதியது, தரவு போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, ஆரப்பாளையத்திலிருந்து தேனிக்கு எத்தனை மணிக்கு என்று கேட்டால் பதில் தரும். அவ்வளவுதான்.

தொடக்கத்தில் டெஸ்ட் ஓட்டிப் பார்க்க எங்களிடம் ஒரே ஆள்தான். யார் என்ன திருத்தம் அனுப்பினாலும் அவர் தன் லேப்டாப்பில் இறக்கி ஓட்டிப் பார்த்து, "சரி, சேத்துருங்க" என்பார். அப்புறம் சித்திரைத் திருவிழா வந்தது. அவர் வீடு செல்லூரில், வைகைக் கரைக்குப் பக்கம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த சொந்தபந்தம் வீடு கொள்ளாமல் இருந்தது. லேப்டாப் எந்த மூட்டைக்கு அடியில் போனதோ, பத்து நாளாக ஒரு திருத்தமும் சேரவில்லை. பொறுக்க முடியாமல் ஒன்றை நானே சேர்த்தேன். சர்வர் எழும்பவே இல்லை. அனுப்பிய கல்லூரித் தம்பியைக் கேட்டால், "அண்ணே, என் லேப்டாப்ல ஓடுதுண்ணே" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவன் லேப்டாப்பில் ஓடத்தான் செய்தது.

அந்த வாரம் சிஐ அமைக்க உட்கார்ந்தோம். அப்போது பட்ட பாடும், அதன் பிறகு பட்டதும்தான் இந்த வழிகாட்டி. உங்கள் புராஜெக்ட் வேறு மொழியில் இருந்தாலும் பெரும்பாலானது பொருந்தும்.

சிஐ என்பது கண்டினியூஸ் இன்டக்ரேஷன். தமிழில் தொடர் ஒருங்கிணைப்பு என்று எழுதுகிறார்கள். பேரைப் பார்த்து மிரள வேண்டாம். யாராவது ஒரு திருத்தம் அனுப்பியதும் எங்கோ ஒரு கணினி எழுந்து, உங்கள் நிரலை இறக்கி, டெஸ்ட்களை ஓட்டி, பச்சையா சிவப்பா என்று சொல்லிவிட்டு மறைந்துவிடும். அடுத்த திருத்தத்துக்கு இன்னொரு புதுக் கணினி. அதை வெளியூரிலிருந்து முதன்முதலாக உங்கள் வீட்டுக்கு வந்த ஆள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை டப்பா எந்தத் தட்டில், மோட்டார் ஸ்விட்ச் எந்தச் சுவரில் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. நீங்கள் எழுதிக்கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு காபி போட வேண்டும். காபி வரவில்லை என்றால் பெரும்பாலும் சீட்டில்தான் குறை.

ஒரு காலத்தில் இதற்கென்றே தனியாக ஒரு கணினி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2001இல் குரூஸ்கன்ட்ரோல் வந்தது. பிறகு ஹட்சன் வந்து, 2011இல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறியது. இவற்றை நாமேதான் நிறுவிப் பராமரிக்க வேண்டும். 2019 நவம்பரில் கிட்ஹப் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்) தன் 'ஆக்ஷன்ஸ்' வசதியை எல்லோருக்கும் திறந்த பிறகு ஒரே ஒரு கோப்பு எழுதினால் போதும் என்றாகிவிட்டது. பொதுவில் திறந்து வைத்திருக்கும் ரெப்போக்களுக்கு (நிரல் கிடங்குகளுக்கு) அதன் சாதாரண ரன்னர்கள் (டெஸ்ட் ஓட்டும் கணினிகள்) இலவசம். எங்கள் நிரல் கிட்ஹப்பில் இருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். கிட்லேப் போன்ற வேறு தளத்தில் கோப்பின் பெயரும் சொற்களும் மாறும், யோசனை அதேதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: கட்டளைகளையும் கோப்புச் சொற்களையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

முதல் படி: உங்கள் வீட்டிலேயே ஒரே கட்டளை

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, நேராகப் போய் சிஐ கோப்பை எழுதத் தொடங்குவது. வேண்டாம். உங்கள் டெஸ்ட் முழுவதும் உங்கள் கணினியில் ஒரே கட்டளையில் ஓட வேண்டும். அதை முதலில் முடியுங்கள். நாங்கள் 'மேக் டெஸ்ட்' என்று வைத்திருக்கிறோம் (அது என்ன செய்ய வேண்டும் என்பது மேக்ஃபைல் என்ற கோப்பில் இருக்கும்). ஷெல் ஸ்கிரிப்டாக இருந்தாலும் சரி. "முதலில் இதை நிறுவு, அப்புறம் அந்த டேபிளை உருவாக்கு, பிறகு இன்னொரு டெர்மினலைத் திற" என்று வாயால் சொல்லும் நிலையில் இருந்தால் சிஐக்கு நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

கட்டளை தயாரானதும் இதைச் செய்து பாருங்கள். வேறொரு காலி கோப்புறையில் ரெப்போவைப் புதிதாக குளோன் செய்யுங்கள். புது வர்ச்சுவல் என்விரான்மென்ட் (பைத்தான் பேக்கேஜ்களுக்கான தனி இடம்) ஒன்றை உருவாக்கி, ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் இருப்பதை மட்டும் நிறுவி, அந்த ஒரே கட்டளையை ஓட்டுங்கள். பத்துக்கு எட்டுப் பேருக்கு இங்கேயே விழும். ஆறு மாதத்துக்கு முன் பிப் (பைத்தான் பேக்கேஜ் நிறுவி) மூலம் போட்ட ஏதோ ஒரு பேக்கேஜ் பட்டியலில் இருக்காது. கடவுச்சொல் வைத்திருந்த 'டாட் என்வி' கோப்பு கிட்டில் ஏறியிருக்காது (ஏறவும் கூடாது, அதற்கு மாதிரிக் கோப்பு ஒன்று வையுங்கள்). அந்தத் தம்பியின் திருத்தம் விழுந்ததும் இதனால்தான். அவன் லேப்டாப்பில் இருந்த ஒரு பேக்கேஜ் உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை.

டெஸ்ட் தேறியதா இல்லையா என்பதை சிஐ எப்படித் தெரிந்துகொள்கிறது? திரையில் வரும் எழுத்தை அது படிப்பதில்லை. கட்டளை முடியும்போது விட்டுச்செல்லும் எண் ஒன்று உண்டு. 0 என்றால் பச்சை, வேறு எதுவானாலும் சிவப்பு. கட்டளை முடிந்த கையோடு 'எக்கோ $?' என்று தட்டினால் அந்த எண் தெரியும். ஒரு டெஸ்டை வேண்டுமென்றே கெடுத்து, எண் மாறுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். பைடெஸ்ட் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொன்று: டெஸ்ட் எதுவுமே கண்ணில் படவில்லை என்றால் அது 5 என்ற எண்ணைத் தரும், அதுவும் சிவப்புதான். "டெஸ்டே இல்லாமல் எப்படித் தோற்றது" என்று குழம்புகிறவர்கள் கோப்பின் பெயர் 'டெஸ்ட்_' என்று தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

டெஸ்டே எழுதவில்லையா? மூன்று போதும் தொடங்குவதற்கு. சர்வர் எழுந்து நலமா என்ற கேள்விக்கு 200 (எல்லாம் சரி) தருகிறதா. உண்மையான ஒரு கேள்விக்குச் சரியான பதில் வருகிறதா. இல்லாத ஊரைக் கேட்டால் 500 (சர்வருக்குள் பிழை) என்று விழாமல் 404 (அப்படி எதுவும் இல்லை) என்று நாகரிகமாகச் சொல்கிறதா. முந்நூறு டெஸ்ட் எழுதிய பிறகு சிஐ வைக்கலாம் என்று காத்திருந்தவர்கள் யாரும் வைத்து நான் பார்த்ததில்லை.

கோப்பை எழுதுவது

ரெப்போவின் மேல்மட்டத்தில் 'டாட் கிட்ஹப்' என்று ஒரு கோப்புறை, அதற்குள் 'வொர்க்ஃப்ளோஸ்' என்று இன்னொன்று. அதற்குள் 'டெஸ்ட்.ஒய்எம்எல்' என்ற கோப்பு. யாமல் வடிவத்தில் எழுத வேண்டும். யாமலில் இடைவெளிதான் எல்லாம். டேப் விசையைத் தொடவே கூடாது, ஸ்பேஸ்தான். ஒரு ஸ்பேஸ் குறைந்தாலும் கோப்பு செல்லாது.

கோப்பில் மூன்று பெரிய பகுதிகள். 'ஆன்' என்பதன் கீழ் எப்போது ஓட வேண்டும் என்று சொல்லுங்கள்: மெயின் பிரான்சுக்கு (முதன்மைக் கிளைக்கு) புஷ் வந்தால், அதாவது யாராவது நிரலை ஏற்றினால்; புல் ரிக்வெஸ்ட், அதாவது திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் வேண்டுகோள் வந்தால். 'பெர்மிஷன்ஸ்' கீழ் 'கன்டென்ட்ஸ்: ரீட்' என்று மட்டும் எழுதுங்கள், டெஸ்ட் ஓட்டுகிற ஆளுக்கு ரெப்போவில் எழுதும் உரிமை எதற்கு? மூன்றாவது 'ஜாப்ஸ்'. இதற்குள் ஒரு ஜாப். அதன் 'ரன்ஸ்-ஆன்' உபுண்டு-24.04 என்று பதிப்பெண்ணோடு இருக்கட்டும். 'லேட்டஸ்ட்' என்று எழுதினால் ஒருநாள் நீங்கள் எதையும் தொடாமலேயே கீழே இருக்கும் உபுண்டு மாறிப்போகும். நீங்கள் உங்கள் நிரலில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து 'டைம்அவுட்-மினிட்ஸ்: 10'. இதை எழுதாவிட்டால் ஒரு ஜாப் 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம்வரை தொங்கிக்கொண்டிருக்கலாம். சர்வர் புராஜெக்டில் இது அடிக்கடி நடக்கும், காரணம் கீழே வருகிறது.

அதற்குப் பிறகு 'ஸ்டெப்ஸ்'. எங்களுடையது நான்கே வரிசை: செக்அவுட் ஆக்ஷன் நிரலை இறக்கும், செட்அப்-பைத்தான் ஆக்ஷன் பைத்தானைப் போடும், பிப் பட்டியலை நிறுவும், கடைசியில் 'ரன்: மேக் டெஸ்ட்'. கவனியுங்கள், டெஸ்ட் எப்படி ஓட வேண்டும் என்ற அறிவு எதுவும் இந்தக் கோப்பில் இல்லை. அது மேக்ஃபைலில் இருக்கிறது. நாளைக்கு வேறு இடத்துக்கு மாறினாலும் தூக்கிக்கொண்டு போகலாம்.

பைத்தான் பதிப்பை எழுதும்போது 3.10 என்பதை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். போடாவிட்டால் யாமல் அதை எண்ணாக எடுத்து, கடைசிச் சுழியை விழுங்கி, 3.1 என்று படித்துவிடும். அப்படி ஒரு பைத்தான் கிடைக்கவில்லை என்று பிழை வரும். அரை மணி நேரம் திரையை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தரவுத்தளம் வேண்டுமே

இங்கேதான் சர்வர் புராஜெக்ட் மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. பலர் டெஸ்டுக்கு மட்டும் எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தை வைத்து ஒப்பேற்றுவார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. ஓடப்போவது போஸ்ட்கிரெஸ் என்றால் டெஸ்டும் போஸ்ட்கிரெஸில்தான் ஓட வேண்டும். ஏன் என்று கீழே வரும் தமிழ் அகரவரிசைக் கதையில் பார்ப்பீர்கள்.

ஜாபுக்குள் 'சர்வீசஸ்' என்று எழுதி, அதன்கீழ் போஸ்ட்கிரெஸ் இமேஜை (தயாராகக் கட்டிவைத்த பொதி) கொடுத்தால் பக்கத்திலேயே ஒரு கன்டெய்னர் (அந்தப் பொதி தனியாக ஓடும் பெட்டி) எழும். மூன்று விஷயம் மறக்கக் கூடாது. கடவுச்சொல்லை 'போஸ்ட்கிரெஸ்_பாஸ்வேர்ட்' என்ற மாறியில் தர வேண்டும். இல்லாவிட்டால் அந்த இமேஜ் கிளம்பாது. டெஸ்டுக்கான தரவுத்தளம்தானே, கடவுச்சொல் கோப்பிலேயே இருந்தால் குடி முழுகாது. அடுத்து, 'போர்ட்ஸ்' கீழ் 5432:5432 என்று திறந்துவிட வேண்டும். உங்கள் நிரல் லோக்கல்ஹோஸ்ட் என்று போய்ச் சேர அதுதான் வாசல். ஜாபையே ஒரு கன்டெய்னருக்குள் ஓட்டினால் கதை மாறும்: அப்போது லோக்கல்ஹோஸ்ட் கிடையாது, சர்வீசுக்கு நீங்கள் வைத்த பெயர்தான் முகவரி.

மூன்றாவது, உடல்நலச் சோதனை. கன்டெய்னர் எழுந்துவிட்டது என்பதும் போஸ்ட்கிரெஸ் பேசத் தயார் என்பதும் ஒன்றல்ல. 'ஆப்ஷன்ஸ்' வரியில் 'ஹெல்த்-சிஎம்டி' என்பதற்கு 'பிஜி_ஈஸ்ரெடி' என்று கொடுத்து, 10 நொடிக்கு ஒருமுறை, 5 தடவை கேட்கச் சொல்லுங்கள். அது "தயார்" என்று சொன்ன பிறகே உங்கள் ஸ்டெப்ஸ் தொடங்கும். இது இல்லாத ரெப்போவில் சில நாள் பச்சை, சில நாள் சிவப்பு என்று மாறி மாறி வரும். காரணம் தெரியாமல் "மறுபடி ஓட்டு" பொத்தானை அழுத்தும் பழக்கம் தொற்றிக்கொள்ளும். அந்தப் பழக்கம் வந்த குழுவில் சிஐ செத்த மாதிரிதான்.

சர்வரை எழுப்பிக் காத்திருப்பது

எல்லா டெஸ்டும் நிரலை நேரடியாக அழைப்பவை என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். நாங்கள் ஒரு சில டெஸ்ட்களாவது உண்மையான சர்வரை எழுப்பி, வெளியிலிருந்து கேள்வி கேட்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

புதியவர்கள் 'ரன்' வரியில் சர்வரைத் தொடங்கும் கட்டளையை அப்படியே எழுதிவிடுவார்கள். சர்வர் என்பது முடியாமல் ஓடிக்கொண்டே இருப்பது. கட்டளை முடியாவிட்டால் அடுத்த ஸ்டெப் வராது. ஆறு மணி நேரத் தொங்கல் இதுதான். கட்டளையின் கடைசியில் '&' போட்டுப் பின்னணிக்கு அனுப்புங்கள்; அதன் வெளியீட்டை ஒரு லாக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள்.

அனுப்பியதும் உடனே கேள்வி கேட்டால் சர்வர் இன்னும் கண் விழித்திருக்காது. 'ஸ்லீப் 5' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். ரன்னர் மெதுவாக இருக்கிற நாளில் 5 நொடி போதாது. வேகமான நாளில் 4 நொடி வீண். முகவரிக்குக் கேள்வி அனுப்பும் கர்ல் கட்டளையிலேயே இதற்கு வழி இருக்கிறது: '--ரீட்ரை 10', '--ரீட்ரை-டிலே 1', '--ரீட்ரை-கன்ரெஃப்யூஸ்ட்', '--ஃபெயில்' ஆகியவற்றைச் சேர்த்து நலம் விசாரிக்கும் முகவரியைக் கேட்கச் சொன்னால், சர்வர் கதவைத் திறக்கும்வரை நொடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும்.

கடைசியாக ஒரு ஸ்டெப்: 'இஃப்: ஃபெயில்யர்()' என்று நிபந்தனை போட்டு அந்த லாக் கோப்பைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். டெஸ்ட் பக்கம் பார்த்தால் "500 வந்தது" என்று மட்டும் தெரியும். ஏன் வந்தது என்பது சர்வர் லாகில் இருக்கும். ரன்னர் மறைந்த பிறகு அதைத் தேடி எடுக்க முடியாது.

முதல் ஓட்டம் சிவப்பாகத்தான் வரும்

புஷ் செய்துவிட்டு ஆக்ஷன்ஸ் பக்கத்தைத் திறங்கள். சிவப்பு வந்தால் சந்தோஷப்படுங்கள். வெளியூர் ஆள் உங்கள் வீட்டில் எதையோ கண்டுபிடித்திருக்கிறார். எங்களுக்கு வந்தவற்றைச் சொல்கிறேன்.

கல்லூரிப் பிள்ளைகள் பலரிடம் இருப்பது விண்டோஸ் லேப்டாப். விண்டோஸில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு இல்லாமல் கோப்பு திறக்கும், லினக்ஸில் திறக்காது. தரவுக் கோப்பைத் திறக்கும் வரியில் சின்ன 'ஆர்', கோப்பின் பெயரில் பெரிய 'ஆர்': அங்கே ஓடும், ரன்னரில் விழும். அதேபோல ஷெல் ஸ்கிரிப்டை விண்டோஸில் சேமித்தால் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். லினக்ஸ் அதைப் பார்த்து "இப்படி ஒரு நிரலே இல்லை" என்று கைவிரிக்கும். 'டாட் கிட்ஆட்ரிப்யூட்ஸ்' கோப்பில் ஸ்கிரிப்ட்களுக்கு 'ஈஓஎல்=எல்எஃப்' என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

அடுத்தது நேரம். ஒரு டெஸ்ட் பகலெல்லாம் பச்சை. நள்ளிரவு 12 மணிக்கு மேல் புஷ் செய்தால் சில நாள் மட்டும் சிவப்பு. விடிந்ததும் மறுபடி ஓட்டினால் பச்சை. தூங்கா நகரத்துக்காரர்கள் என்பதால் ராத்திரி ஒரு மணிக்குப் புஷ் செய்யும் ஆட்கள் எங்களிடம் உண்டு, அதனால்தான் அகப்பட்டது. காரணம் இதுதான்: ரன்னரின் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். மதுரையில் திங்கட்கிழமை அதிகாலை ஒரு மணி என்றால் அங்கே ஞாயிறு இரவு ஏழரை. எங்கள் சர்வர் "இன்று என்ன கிழமை" என்று கணினியைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைத் தூக்கிக் கொடுத்தது. நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரைவரை இந்தக் கூத்து.

இதற்குக் குறுக்கு வழி ஒன்று இருக்கிறது: சிஐ கோப்பில் நேர மண்டலத்தை இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டால் பச்சை வந்துவிடும். எங்களில் ஒருவர் அதைத்தான் செய்யச் சொன்னார். செய்திருந்தால் டெஸ்ட் தேறியிருக்கும். பஸ் பிடிக்கப் போகிறவருக்குத் தப்பான நேரம் போய்க்கொண்டே இருந்திருக்கும், ஏனென்றால் நிஜமாக ஓடும் சர்வரும் யுடிசியில்தான் இருந்தது. நிரலில் 'ஏசியா/கொல்கத்தா' என்ற மண்டலத்தை வெளிப்படையாக எழுதினோம். டெஸ்டில் "இப்போது" என்பதைக் கணினியிடம் கேட்காமல் நாமே கொடுக்கும்படி மாற்றினோம். ஞாயிறு இரவு 11.59, திங்கள் 12.01 இரண்டுக்கும் இப்போது தனித்தனி டெஸ்ட் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது தமிழ் அகரவரிசைச் சிக்கல். நிறுத்தங்களின் பட்டியலை வரிசைப்படுத்தித் தர வேண்டும். அலங்காநல்லூர், அவனியாபுரம், அழகர்கோவில் என்பது சரியான வரிசை. ல, வ, ழ, ள என்றுதானே படித்திருக்கிறோம். என் லேப்டாப்பில் அப்படியே வந்தது. சிஐயில் அழகர்கோவில் முந்திக்கொண்டு அவனியாபுரம் பின்னால் போனது. யூனிகோடில் எழுத்துகளுக்கு எண் கொடுத்திருக்கும் வரிசை ல, ள, ழ, வ. வெறும் எண்ணை வைத்து ஒப்பிட்டால் இப்படித்தான் வரும். சிஐயில் அளவு சின்னது என்பதற்காக ஆல்பைன் வகை போஸ்ட்கிரெஸ் இமேஜை எடுத்திருந்தேன். அதன் அடியில் இருக்கும் மசல் நூலகத்துக்கு மொழிவாரி வரிசை தெரியாது, எண்ணைத்தான் பார்க்கும். வழக்கமான டெபியன் இமேஜுக்கு மாறினேன். அதோடு நிற்காமல், வினவலிலேயே 'கொலேட்' என்று போட்டு 'டிஏ-எக்ஸ்-ஐசியு' என்ற தமிழ் வரிசையை வெளிப்படையாகக் கேட்டேன். இனி எந்தக் கணினியில் ஓடினாலும் அகராதி வரிசைதான். எஸ்க்யூலைட்டில் டெஸ்ட் ஓட்டியிருந்தால் இந்த வினவலைச் சோதித்தே இருக்க முடியாது.

தமிழ்ச் சரங்களைக் கையாளும் சர்வர் என்றால் இன்னும் இரண்டு டெஸ்ட் கட்டாயம் எழுதுங்கள். கோரிப்பாளையம் என்பதில் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஓகாரக் குறி ஒன்று, அல்லது க-வோடு ஏகாரக் குறியும் துணைக்காலும். கண்ணுக்கு ஒன்றே, ஒப்பிட்டால் வேறு வேறு. உள்ளே வரும் ஒவ்வொரு பெயரையும் என்எஃப்சி என்ற ஒரே யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இன்னொன்று நீளம். மதுரை என்பது நமக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு 5, யுடிஎஃப்-8இல் 15 பைட். எந்தக் கணக்கில் வரம்பு வைத்திருக்கிறீர்கள் என்று டெஸ்ட் சொல்லட்டும்.

பொய்ப் பச்சை

சிவப்பைவிட இது ஆபத்து. டெஸ்ட் வெளியீட்டைக் கோப்பிலும் சேமிக்கலாமே என்று 'ரன்' வரியில் மேக் டெஸ்ட்டுக்குப் பின் ஒரு பைப் குறி போட்டு 'டீ' கட்டளைக்கு அனுப்பினேன். மூன்று வாரம் எல்லாம் பச்சை. குழுவில் எல்லோருக்கும் பெருமை. அப்புறம் ஒருநாள் லாகைத் திறந்து படித்தால் உள்ளே நான்கு டெஸ்ட் தோற்றுக் கிடக்கிறது.

பைப் போட்டால் கடைசிக் கட்டளையின் எண்தான் கணக்கு. 'டீ' வழக்கமாகத் தோற்காது. 0 என்று சொல்லிவிட்டுப் போகும். அந்த ஸ்டெப்பில் 'ஷெல்: பேஷ்' என்று வெளிப்படையாக எழுதினால் ஆக்ஷன்ஸ் 'பைப்ஃபெயில்' என்ற அமைப்போடு ஓட்டும், நடுவில் எது தோற்றாலும் சிவப்பு வரும். எழுதாமல் விட்டால் அந்த அமைப்பு இல்லை. அது ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, படிக்காதது நான். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை வேண்டுமென்றே ஒரு டெஸ்டைக் கெடுத்துப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பிப் பார்க்கிறேன். சிவப்பு வந்தால் மூடிவிட்டுத் தூங்கப் போகலாம்.

முகம் தெரியாதவர்களின் நிரல்

திறந்த ரெப்போ என்றால் யாரோ ஒருவர் எழுதிய நிரலை உங்கள் பெயரில் ஓட்டப்போகிறீர்கள். அதற்கு ஏற்ற எச்சரிக்கை வேண்டும்.

ஃபோர்க்கிலிருந்து (பிறர் எடுத்துக்கொண்ட உங்கள் ரெப்போவின் நகலிலிருந்து) வரும் புல் ரிக்வெஸ்டுக்கு உங்கள் ரகசியச் சாவிகள் போகாது. ரெப்போவைத் தொட சிஐக்குக் கிடைக்கும் டோக்கனும் (அனுமதிச் சீட்டு) படிக்க மட்டுமே. நல்ல ஏற்பாடு. சாவி இல்லாததால் டெஸ்ட் விழுகிறதே என்று 'புல்_ரிக்வெஸ்ட்_டார்கெட்' என்ற வகைக்கு மாற்றும்படி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சாவிகளோடு ஓடுவது. அதில் அவர்கள் நிரலை இறக்கி ஓட்டினால் பெட்டகத்தைத் திறந்து வைத்த மாதிரி. டெஸ்டுக்கு ரகசியமே தேவைப்படாமல் எழுதுவதுதான் சரி.

முதல்முறை பங்களிப்பவர் அனுப்பினால் பராமரிப்பவர் ஒப்புதல் தரும்வரை சிஐ ஓடாமல் நிற்கும். நீங்கள் அந்த முதல்முறைக்காரர் என்றால் எதையோ உடைத்துவிட்டோம் என்று பதற வேண்டாம். நீங்கள் பராமரிப்பவர் என்றால் பொத்தானை அழுத்தும் முன் வொர்க்ஃப்ளோ கோப்பை யாரும் தொட்டிருக்கிறார்களா என்று ஒரு பார்வை பாருங்கள்.

வெளியார் எழுதிய ஆக்ஷன்களை 'வி4' போன்ற குறிச்சொல்லால் அழைக்காமல், 40 எழுத்துள்ள கமிட் அடையாளத்தால் அழைப்பது நல்லது. குறிச்சொல்லை வேறு நிரலுக்கு நகர்த்த முடியும். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்ஷன்ஸ் குழுவின் சேஞ்ட்-ஃபைல்ஸ் என்ற ஆக்ஷனில் அதுதான் நடந்தது: உள்ளே புகுந்தவர்கள் பழைய குறிச்சொற்களையெல்லாம் கெட்ட நிரலை நோக்கித் திருப்பிவிட, அதைப் பயன்படுத்திய ரெப்போக்களின் ரகசியங்கள் லாகில் கொட்டின.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கணினியை ரன்னராக மாற்றலாமே என்று எங்கள் செல்லூர் அண்ணன் கேட்டார். திறந்த ரெப்போவுக்கு வேண்டாம். யாரோ அனுப்பும் நிரல் உங்கள் வீட்டு வைஃபைக்குள் ஓடும். அதுபோக, மின்தடை நாளில் யார் போய் அதை எழுப்புவது?

வாசலில் நிறுத்துவது

சிவப்பாக இருந்தாலும் சேர்க்கும் பொத்தான் வேலை செய்யும் என்றால் யாராவது அழுத்துவார்கள். ரெப்போவின் அமைப்புகளில் மெயின் பிரான்சுக்கு விதி ஒன்று போட்டு, உங்கள் ஜாபின் பெயரைக் கட்டாயச் சோதனையாகச் சேருங்கள். பெயர்தான் அடையாளம், பிறகு கோப்பில் ஜாபின் பெயரை மாற்றினால், பழைய பெயருக்காக எல்லாப் புல் ரிக்வெஸ்டும் காத்துக்கொண்டே நிற்கும். "ஆவணக் கோப்பு மட்டும் மாறினால் ஓட வேண்டாம்" என்று பாதை வடிகட்டி போட்டாலும் இதே கதி: ஓடாத வொர்க்ஃப்ளோவுக்காகக் கதவு மூடியே இருக்கும். எங்கள் டெஸ்ட் இரண்டு நிமிடம்தான், எதற்கு வடிகட்டி என்று எடுத்துவிட்டோம்.

ஒரே புல் ரிக்வெஸ்டுக்கு அடுத்தடுத்துப் புஷ் செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்காக 'கன்கரன்சி' என்று ஒரு பகுதி எழுதி 'கேன்சல்-இன்-புராக்ரஸ்' போட்டால் பழைய ஓட்டம் நின்று புதியது மட்டும் ஓடும். பல பைத்தான் பதிப்புகளில் ஓட்ட 'மேட்ரிக்ஸ்' உண்டு. உங்கள் சர்வரை ஒரே பதிப்பில்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம்.

ராத்திரி ஓட்டம் ஒன்று வைப்பது நல்லது. நீங்கள் எதையும் மாற்றாவிட்டாலும் நீங்கள் நம்பியிருக்கும் பேக்கேஜ்கள் மாறிக்கொண்டிருக்கும். 'ஷெட்யூல்' கீழ் நேரத்தைக் குறிக்கும் கிரான் வரி எழுதும்போது அதுவும் யுடிசிதான்: நம் அதிகாலை 2 மணிக்கு ஓட 20 மணி 30 நிமிடம் என்று கொடுக்க வேண்டும். அந்த நிமிடமே ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள், நெரிசல் நேரத்தில் தள்ளிப் போகும். திறந்த ரெப்போவில் 60 நாள் எந்த அசைவும் இல்லை என்றால் இந்த அட்டவணை ஓட்டம் தானாக நின்றுவிடும். பரீட்சை, விடுமுறை என்று எல்லோரும் போய்விட்டுத் திரும்பும்போது ஆக்ஷன்ஸ் பக்கத்தில் போய் மறுபடி இயக்கிவிடுங்கள்.